ஈவுத்தொகை செலவன்று

பொன்முடி மலைச்சாரலில் கணவனும் மனைவியும் இயக்குநர்களாய் இருந்து விடுதி நடத்தும் சிறு தனியார் நிறுவனத்திலும், நிறுவனப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. ஈவுத்தொகை இயக்குநர் பதவிக்கன்று, பங்குக்கே உரியது. அதைக் கணக்கு மென்பொருளில் செலவாகப் பதிவுசெய்தால் இலாபம் குறைந்து தோன்றும். வங்கியில் கடன் கோரும் நாளில் அதுவே தடையாகலாம்.

அறிவித்த அன்றே இருப்பு இலாபத்தில் பற்றும், வழங்கவேண்டிய ஈவுத்தொகையில் வரவும் எழுதுதல் முறை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, அத்தொகையை 5 நாள்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் இட்டு, 30 நாள்களுக்குள் வழங்க வேண்டும்.

பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்பாருக்கு ஒரு சொல்: 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனக் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிந்துவைத்தல் கட்டாயம். ஆகவே முதற்பதிவே செம்மையாக அமையட்டும்.