ஏர்கன்னுக்கு வார் மாட்ட ஓட்டை எதுக்குங்க?

நம்ம பக்கம் இப்போ தோட்டத்துக்கு ஒரு ஏர்கன் ஆகிப்போச்சு. வாங்கின மறுநாளே பசங்க ட்ரில் மெஷினைத் தூக்கிட்டு வந்து கட்டையில ரெண்டு ஓட்டை போடுறாங்க. கொக்கித் திருகாணியை முறுக்கி, கூரியர்ல வந்த நைலான் பட்டையை மாட்டி, தோளில் போட்டு ஒரு போட்டோ. இதை என்னால ஒத்துக்க முடியாது. துப்பாக்கிக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

நான் சொல்றது குழலை மடக்கி ஸ்ப்ரிங்கை ஏத்துற, ரெண்டரை கிலோ சொச்சம் இருக்கிற சாதாரண ரகம். 4.5 மி.மீ. குண்டு, ஆற்றல் 20 ஜூலுக்குள்ளே. 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாத வகை. (மயிலைச் சுடலாமான்னு யாரும் கேக்காதீங்க. 1972 வனவுயிர் சட்டத்தில் முதல் அட்டவணைப் பறவை அது, உள்ளே போயிருவீங்க. என் துப்பாக்கி கொட்டாங்குச்சியைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை.) குறி பார்க்க மண்மேடு இருப்பது காட்டோட கடைசியில. போற வழியில கம்பிவேலி, வாய்க்கால், ஒரு கையில தண்ணி பாட்டில். அதனால வார் வேணும்தான். அதை எப்படி மாட்டுறதுங்கிறதுலதான் சண்டை.

இந்த மாதிரி எடை குறைஞ்ச துப்பாக்கியில முன்கட்டையைத் திருப்பிப் பாருங்க. குழலை மடக்கும்போது இறங்குற இரும்புத் தண்டுக்காக அடியில நீளமா குடைஞ்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் மிச்சம் இருக்கிற மரம் விரல் கனம்கூட இருக்காது. அதுல ஆணியை முறுக்கினா இன்னிக்கு இல்லேன்னாலும் ஒரு கோடையில வெடிக்கும். சரி, குழல்லயே இரும்பு வளையம் போட்டுக்கறோம்னு சிலர் வர்றாங்க. ஸ்ப்ரிங் துப்பாக்கி பிடிக்கிற பிடிக்கே கோவிச்சுக்கற சாதி. கை கொஞ்சம் இறுகினாலே குண்டு வேற இடத்துக்குப் போகும். சுடும்போது பட்டை குழலைப் பிடிச்சு இழுத்துட்டே இருந்தா குறி எப்படி நிக்கும்?

தோல் வாருக்கு ஓட்டையே வேண்டாம். பின்கட்டையைச் சுத்தி ஒரு தோல் உறை, அடியில நாடா போட்டு இறுக்கிக் கட்டுறது. வாரோட பின்முனை அதோட சேர்த்துத் தைச்சிருக்கும். முன்முனையில பித்தளைக் குமிழ் வச்ச ஒரு சுருக்கு. நடக்கும்போது குழலில் மாட்டிக்கலாம், சுடறதுக்கு முன்னாடி குமிழைத் தள்ளிக் கழட்டிடலாம். அகலம் ஒண்ணேகால் இஞ்ச் போதும், இந்த எடைக்கு அதுக்கு மேல வீண். தோலோட மழமழப்புப் பக்கம் வெளியே, சொரசொரப்புப் பக்கம் சட்டையை ஒட்டி. அப்பத்தான் தோளில் நிக்கும். நைலான் வியர்வையில வழுக்கிட்டே போகும், பத்தடிக்கு ஒருக்கா இழுத்து விடணும். ஆனா ஒண்ணு, எந்த வாரா இருந்தாலும் ஸ்ப்ரிங்கை ஏத்திக் குண்டு போட்டபடி தோளில் மாட்டாதீங்க.

தோலைப் பார்த்து வாங்கணும். வெட்டின ஓரம் நீலச் சாம்பலா இருந்தா அது குரோம் போட்டுப் பதனிட்டது, இழுக்க இழுக்க நீளும். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி மரச்சத்துல பதனிட்டது பழுப்பா, விறைப்பா இருக்கும். அதுதான் வாருக்கு ஆகும். ஒரு காலத்துல மதராஸ் துறைமுகத்துல இருந்து சீமைக்குக் கப்பல் கப்பலாப் போனது இந்த வகைத் தோல்தான்.

தோல்னா மழையில நாறும், பூஞ்சை பிடிக்கும்னு சொல்றாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை துணியில தொட்டு விளக்கெண்ணெய் தடவ சோம்பல் படுறவன் சொல்ற காரணம் இது. நிஜமான குறை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன்: தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். ராத்திரி குழலில் சுத்தி வச்சா துரு ஏறும். கழட்டித் தனியா தொங்க விடுங்க.

ஆனா இவங்க தோலை ஒதுக்குறதுக்குக் காரணம் பூஞ்சை இல்லைங்க. தைக்கிறவர் முன்னாடி போய் நிக்கணும், அதுதான் கசக்குது. கவலை இறைச்ச காலத்துல சாலுக்குக் கீழே தொங்குன தோல் குழாயை அவங்க தைக்கலேன்னா நம்ம தாத்தன் காட்டுக்குத் தண்ணி இல்லை. அதுக்குக் கொடுத்தது களத்துல கொஞ்சம் தானியம், கூடவே ‘ஏய்’ங்கிற கூப்பாடு. பம்புசெட் வந்தது, வேலை போச்சு, கூப்பாடு மட்டும் போகலை. இன்னிக்கும் இருபது வயசுப் பையன் அறுபது வயசுக்காரரை வாடா போடான்னு பேசறான். கூரியர்க்காரர் கேட்ட காசை மறுபேச்சில்லாம கட்டுறவன், இவர் கேட்ட கூலியில பாதிதான் குடுப்பேங்கிறான். அந்தப் பட்டை மெஷின்ல தைச்சது. இது குத்தூசியால துளை போட்டு, மெழுகு நூலை ரெண்டு ஊசியில கோத்து, ஒரே துளையில எதிரெதிரா இழுத்துத் தைக்கிற தையல். நடுவுல ஒரு தையல் அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும். என் வாருக்கு அவருக்கு ஒன்றரை நாள் ஆச்சு. ஒன்றரை நாளைக்குக் கொத்தனாருக்கு என்ன கூலி குடுப்பீங்க? அதைவிடக் குறைச்சுக் கேட்கும் வாய் எங்கிருந்து வருது?

போறவங்க துப்பாக்கியைக் கடைவீதிக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, வீண் விசாரணை வரும். பின்கட்டையைக் காகிதத்துல வச்சு வரைஞ்சு, சுத்தளவைக் கயித்துல முடிச்சுப் போட்டுக் கொண்டுபோங்க. ‘அண்ணா’ன்னு கூப்பிட்டுக் கேளுங்க. நோம்பிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம், அப்போ அவருக்குச் செருப்பு வேலையே தலைக்கு மேல இருக்கும்.