ஆட்டிச மதிப்பீட்டுக்கு வரும் குடும்பங்களை முன்கூட்டியே தயார்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்.

பெறுநர்:
1. ஆணையர் அவர்கள், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, சென்னை.
2. இயக்குநர் அவர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககம், சென்னை.

பொருள்: அரசு மருத்துவமனைகளில் ஆட்டிச மதிப்பீடு – பெற்றோருக்கு முன்தகவல், நேர ஒதுக்கீடு, செவித்திறன் பரிசோதனை – கோருதல் தொடர்பாக.

பார்வை: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 25.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய பிடிமானம். ஆனால் மதிப்பீட்டுக்குத் தேதி வாங்கும் பெற்றோருக்கு, அன்று என்ன கேட்பார்கள், எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. சீட்டில் தேதியும் அறை எண்ணும் இருக்கும், அதோடு சரி.

இந்த முன்தகவல் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. எனும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 முதல் 106 வரை என்றால் லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. பிள்ளையை நேரில் கவனிப்பதோடு, பெற்றோர் சொல்வதையும் வைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு நடத்தை எப்போதாவது வருகிறதா, அடிக்கடி வருகிறதா, எந்நேரமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வியே. எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு பதில்கள் ஒரு படி மாறினால் வகையே மாறிவிடும்.

அந்தப் பதில்களைத் தாய்மார்கள் எந்தத் தயாரிப்பும் இல்லாமல், அழும் பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். “பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா?” என்றால் “திரும்புவான்” என்பார்கள். பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்குத் திரும்புகிறவன் பெயருக்குத் திரும்புவதில்லை என்பது, வீட்டில் ஒரு வாரம் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். தாகம் என்று பிள்ளை கேட்கும் முன்பே தண்ணீர் டம்ளரை நீட்டிப் பழகிய வீட்டில், அவன் விரல் நீட்டிக் கேட்பானா மாட்டானா என்பது யாருக்குமே தெரியாது. இதில் தாயைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

எனவே எங்கள் தலையாய கோரிக்கை: தேதிச் சீட்டுடன் தமிழில் ஒரு பக்கத் தகவல் தாள் தரப்பட வேண்டும். தாய் சேய் நல அட்டை, பிறந்த எடை, பிறந்ததும் அழுததா, வலிப்பு வந்ததா, குடித்துவரும் மருந்துகள் ஆகிய விவரங்களைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பேச்சு எப்போது வந்தது, வந்த பேச்சு நின்றுபோனதா என்பதைச் செல்போனில் உள்ள பழைய படங்களின் தேதியைப் பார்த்துக் குறித்து வரலாம் என்ற யோசனையையும் சேர்க்கலாம். விளையாடும்போது, சாப்பிடும்போது, மற்றப் பிள்ளைகளோடு இருக்கும்போது வீட்டில் எடுத்த சிறு வீடியோக்களைக் கொண்டுவரச் சொல்லி, அவற்றை மதிப்பிடுபவர் பார்க்கவும் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ எழுதிய நான்கு வரி பெரிதும் உதவும். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியும் வரட்டும். இப்போது “ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க” என்று அவரை வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

செய்யக் கூடாதவையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். டாக்டர் முன்னால் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று முந்தின இரவெல்லாம் ஏ, பி, சி, டி ஒப்பிக்க வைப்பவர்கள் உண்டு. உறுத்தும் ஜரிகைச் சட்டையைப் போட்டு அழைத்து வருபவர்களும் உண்டு. பழகிய துணி, பிடித்த பொம்மை, வழக்கமான தீனி, முந்தின இரவு நல்ல தூக்கம் போதும். போகப்போகும் அறையின் படத்தை முன்கூட்டியே காட்டினால் பல பிள்ளைகளுக்குப் பயம் குறையும். மருத்துவமனையே அந்தப் படத்தை அச்சிட்டுத் தரலாம்.

அடுத்தது நேரம். காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி, ஒலிபெருக்கி அலறும் கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்றரை மணிக்கு உள்ளே போகும்போது, மதிப்பிடுபவர் காண்பது அவனது பசியையும் களைப்பையும்தான். தனி நேர ஒதுக்கீடும் சத்தமில்லாத காத்திருப்பு இடமும் வேண்டும். சட்டத்தின் 25ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவமனையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. சான்றிதழ் வாங்கவே வந்திருக்கும் பிள்ளையிடம் “சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டு வரிசைக்குத் திருப்பி அனுப்புவது எந்த விதத்தில் சேர்த்தி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். இதை மதிப்பீட்டு நாளன்று சொல்லி, பேரா (BERA) எனும் செவித்திறன் பரிசோதனைக்கு வேறு தேதி தருவதால் கூலி வேலைக்குப் போகும் குடும்பம் மறுபடி ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறது. அந்தப் பரிசோதனைக்குப் பிள்ளை தூங்கியாக வேண்டும் என்பதும் பலருக்கு அங்கே போன பிறகே தெரிகிறது. ஆகவே மதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே செவித்திறன் அறிக்கை கையில் இருக்கும்படி மருத்துவமனையே ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

முடிவை “ஆட்டிசம்தான்மா” என்று வாசலில் நின்று சொல்லாமல், உட்காரவைத்து விளக்கி, மதிப்பெண்ணுடன் எழுத்தில் தர வேண்டும். சான்றிதழ் வரும்வரை தெரபி இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. சந்தேகம் எழுந்த நாளிலிருந்தே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சி தொடங்க ஆணையிட வேண்டும்.

தகவல் தாளுக்கான மாதிரி வரைவை எங்கள் உறுப்பினர்களே எழுதி இத்துடன் இணைத்துள்ளோம். துறையின் உளவியலாளர்கள் அதைத் திருத்தித் தந்தால் போதும். எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: தகவல் தாள் மாதிரி வரைவு.
நகல்: அனைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்கள்.