காட்டை அறிந்தவளுக்குக் கூட்டத்தில் கதிரை எங்கே?

அண்மையில் எங்கள் மாணவர்களை அரியாலைக் கடல்நீரேரிக் கரைக்கு அழைத்துச் சென்றேன். புவியியல் பாடத்துக்காகக் கண்டற்காட்டைக் காட்டுவதே நோக்கம். ஆனால் பாடம் நடத்தியது நானல்ல, அங்கே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. கண்ணா மரம் வெட்டினாலும் தளிர்க்கும், கண்டலின் முதிர்ந்த கொப்பை வெட்டினால் தளிர்க்காது, இறால் குஞ்சு வேருக்குள்தான் ஒதுங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்.

"இதையெல்லாம் சங்கக் கூட்டத்தில சொல்லுறனீங்களோ அம்மா?" என்று கேட்டேன்.

"கூட்டத்துக்கு அவர்தான் போறவர், ரீச்சர். நான் போய் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

காட்டைத் தினமும் பயன்படுத்துபவள் ஒருத்தி, அதன் விதியை எழுதுபவர் வேறொருவர். இது அரியாலையின் குறை மட்டுமல்ல.

நேபாளத்தில் 22,000க்கும் அதிகமான சமூக வனக் குழுக்கள் இயங்குகின்றன. அங்கும் நெடுங்காலம் ஆண்களே முடிவெடுத்தார்கள். விறகு வெட்டத் தடை என்று அவர்கள் தீர்மானித்தால், மறுநாள் அடுப்பெரிக்க வழி தேடி அலைந்தது பெண்தான். 2009இல் வெளியான வழிகாட்டல் இதை மாற்ற முயன்றது. நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், தலைவர் அல்லது செயலாளர் பதவியில் ஒன்று பெண்ணிடம் இருக்க வேண்டும் என்றது.

பொருளியலாளர் பீனா அகர்வால் நேபாளத்திலும் இந்தியாவின் குஜராத்திலும் இத்தகைய குழுக்களை ஆராய்ந்தார். ஒரேயொரு பெண் குழுவில் இருந்தால் அவள் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறாள். நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை பெண்கள் இருக்கும்போதுதான் அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். பெண்கள் அதிகம் உள்ள இடங்களில் காடும் செழித்திருந்ததை அவர் கண்டார். காரணம் எளிது. தானும் சேர்ந்து எழுதிய விதியைப் பெண் காக்கிறாள். யாரோ எழுதிய விதியை வேறு வழியின்றி மீறுகிறாள்.

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும் தலைமுறைகளாகக் காட்டில் வாழும் பிறருக்கும் உரிமை வழங்குகிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். திருமணமானவர்களுக்கான உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும். ஆனால் சட்டம் இருந்தும் எல்லோருக்கும் அது எட்டுவதில்லை. உத்தரகாண்ட் காடுகளில் எருமை வளர்க்கும் வன் குஜ்ஜர்கள் முஸ்லிம்கள். அந்த மாநிலத்தில் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால், 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை அவர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இடம் மாறி மாறி மேய்ப்பவர்களிடம் எந்தப் பத்திரம் இருக்கும்?

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது வேடர்கள் தமது வேட்டைக் காட்டை இழந்தார்கள். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் முசலிக்குத் திரும்பிய முஸ்லிம்களுக்கும் காட்டின் எல்லைக்கோடு ஒன்று காத்திருந்தது. 2012இலும் 2017 மார்ச்சிலும் வெளியான வர்த்தமானிகள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதிகளை வனத்துக்குள் சேர்த்தன. தமது பூர்வீகக் காணிகளும் அதற்குள் போய்விட்டன, தம்மிடம் எவரும் கேட்கவில்லை என்பது அம்மக்களின் முறைப்பாடு. காடு அழியக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோடு கீறுமுன் அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டிருந்தால், எது வயல், எது மேய்ச்சல் தரை, எது உண்மையான காடு என்று பெண்களே காட்டியிருப்பார்கள்.

நல்ல முயற்சிகளும் உண்டு. 2015இல் சுதீச, சீக்கோலஜி ஆகிய நிறுவனங்கள் அரசுடன் இணைந்து கண்டற்காடுகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கின. 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, கண்டலைக் காக்கும் பொறுப்பையும் கொடுப்பதே அதன் இலக்கு. இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை 2024இல் ஐ.நா.வும் கௌரவித்தது. பாராட்டுவோம். ஆனால் கடன் வேறு, அதிகாரம் வேறு. கன்று நடக் கூப்பிடப்படும் பெண், எங்கே நடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கும் கூப்பிடப்பட வேண்டும்.

ஆகவே வனப் பாதுகாப்புத் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் மூன்று விடயங்களைச் செய்யலாம். சமூக வனக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களை அமர்த்துவது முதலாவது. எல்லை குறிக்கும்போது அவர்களையும் களத்துக்கு அழைத்துச் செல்வது இரண்டாவது. சமையலும் பிள்ளைகளின் பாடசாலையும் முடிந்த நேரத்தில் கூட்டத்தை வைப்பது மூன்றாவது. மூன்றாவது அற்பமாகத் தோன்றும். ஆனால் பல பெண்களின் வரவு அந்த நேரத்தில்தான் தங்கியிருக்கிறது.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் கோயில் சபைகளும் கிராமச் சங்கங்களும் இதே கேள்வியைத் தம்மிடமும் கேட்டுப் பார்க்கட்டும். அந்த அம்மா என் மாணவர்களுக்குச் சொன்னதை ஓர் அதிகாரிக்குச் சொல்லும் நாள் வந்தால், அரியாலைக் கரைக்கும் அது நல்ல நாளே.