கோபுரம் கட்டுமுன் அமர்ந்து கணக்கிடுவோம்



கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து, அதனை முடிப்பதற்குத் தம்மிடம் வசதி உண்டா எனக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு கூறிய உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். சீடத்துவத்தின் விலையை உணர்த்தக் கூறப்பட்டதே இவ்வுவமை. எனினும், இல்லற வாழ்வில் நாம் எடுக்கும் பெரிய முடிவுகளுக்கும் இது மிகப் பொருத்தமானது. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் சிந்திப்போம்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்று தொட்டு, நாம் பொதுவாக 'ஜீப்' என்றே அழைக்கும் பெரிய சொகுசு வாகனங்களின் மீதான ஆசை பல இல்லங்களில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. வெளிநாட்டில் உழைக்கும் உடன்பிறப்புகளின் பணமும், ஈடு வைக்கப்பட்ட காணியும் இந்த ஆசைக்குள் கரைந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே, வாங்க வேண்டாம் என்று ஒரே சொல்லில் தடுப்பதைவிட, வாங்குமுன் எவற்றை எடைபோட வேண்டும் என்று கூறுவதே பயனுடையது.

இவ்வாகனங்கள் சொகுசுக்காகப் பிறந்தவையல்ல. 1948இல் அறிமுகமான லாண்ட் ரோவர் வயலுக்கும் தோட்டத்துக்கும் உரிய உழைப்பாளி வாகனம். டொயோட்டாவின் லாண்ட் குறூசர் 1951இல் பாதையற்ற இடங்களுக்கென உருவாகியது. 1970இல் வெளிவந்த முதலாவது ரேஞ்ச் ரோவரின் உட்புறங்கூட, சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவத்தக்கதாகவே அமைந்திருந்தது. தோல் இருக்கைகளும் பளபளக்கும் திரைகளும் பின்னர் வந்து சேர்ந்தவை. ஆகவே முதற் கேள்வி இதுதான்: நாம் கொடுக்கும் விலையில் எவ்வளவு அச்சுக்கும் சட்டத்துக்கும், எவ்வளவு அலங்காரத்துக்கும் செல்கின்றது?

இரண்டாவது கேள்வி தேவை பற்றியது. கடந்த ஓராண்டில் நம் குடும்பம் எத்தனை நாட்கள் தார்ப் பாதையை விட்டு இறங்கியது? வீட்டிலிருந்து ஆலயத்துக்கும், பாடசாலைக்கும், சந்தைக்கும், ஆடி ஆவணியில் மடுத் திருப்பதிக்கும் செல்வதற்கு நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் அவசியமில்லை. மாறாக, வன்னியின் உட்கிராமங்களில் மாரி காலத்திலும் நோயாளரைப் பார்க்கச் செல்லும் வைத்தியருக்கும், காட்டோரம் தோட்டஞ் செய்பவருக்கும் அது ஆடம்பரமல்ல, கருவியே. இந்த வேறுபாட்டை நேர்மையோடு ஏற்றுக்கொண்டாற் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

உண்மையிலேயே தேவை உள்ளவர் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதற்கு முன்னர் குனிந்து அடிப்புறத்தைப் பார்க்கவேண்டும். ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின் மீது அமைந்த வாகனமா, காரைப் போன்று உடலும் சட்டமும் ஒன்றான வாகனமா என்பதை அறிதல் முதன்மையானது. கடும் பாதைக்கு முன்னையது உறுதி. நகரப் பாவனைக்குப் பின்னையது இலகு. தாழ்வேகக் கியர் உண்டா, டிபரன்சியல் லொக் உண்டா, அவை ஈடுபடுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்தே அறியவேண்டும். சட்டத்தில் துரு, சேறு காய்ந்த அடையாளம், ஒட்டு வேலை ஆகியன இருந்தால் வெள்ளத்தையோ விபத்தையோ சந்தித்த வாகனம் என ஐயுறுக.

பாவித்த வாகனமாயின் யப்பானிய ஏலத் தாளிலுள்ள செசி இலக்கத்தையும், ஓடிய தூரத்தையும் வாகனத்தோடு ஒப்பிடவேண்டும். உள்நாட்டிற் பதிவான வாகனமாயின், பதிவுப் புத்தகத்தில் நிதிக் கம்பனி ஏதேனும் பூரண உரிமையாளராகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைப் பார்க்காது ஒரு சதமேனும் கொடுத்தலாகாது. விற்பவரின் கராஜில் அன்றி, நாம் நம்பும் மெக்கானிக்கிடம் காட்டுவதே விவேகம்.

அடுத்து, வாங்கிய பின் வரும் செலவு. இயந்திரக் கொள்ளளவு கூடக் கூட வரியும் கூடும். விலையின் பெரும்பங்கு வரியாகவே செல்லும். பெரிய ரயர்கள், பிறேக் பாகங்கள், காப்புறுதி ஆகிய யாவும் சிறிய காரைவிடப் பன்மடங்கு. புதிய டீசல் இயந்திரங்கள் பலவற்றில் புகைத்துகள் வடிகட்டி உண்டு. அது சூடேறித் தன்னைச் சுத்திகரிக்க நீண்ட ஓட்டம் வேண்டும். தினமும் சந்தி வரை சென்று திரும்பும் வாகனத்தில் அது அடைபட்டுப் பெருஞ்செலவு வைக்கும். 2022 ஓகஸ்டில், கியூ.ஆர். முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் எரிபொருளே கிடைத்ததை நாம் மறந்துவிடலாகாது. இரு தாங்கிகளிலுமாக 110 லீற்றர் கொள்ளும் லாண்ட் குறூசர் 300 போன்ற வாகனத்துக்கு அது எம்மட்டு?

பாதுகாப்பு என்னும் நியாயத்தையும் ஆராய்வோம். உள்ளே இருப்பவருக்குக் கனமான வாகனம் காவல் அளிப்பது உண்மை. ஆயினும் நான்கு சில்லு இழுவை புறப்படுவதற்கு உதவுமேயன்றி, நனைந்த பாதையில் நிறுத்துவதற்கு உதவாது. இரண்டரைத் தொன் எடை விரைவில் நிற்காது; உயர்ந்த உடல் திடீர்த் திருப்பத்திற் கவிழும் ஆபத்தும் அதிகம். 2023இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகம் வெளியிட்ட ஆய்வொன்று, முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் பாதசாரியை மோதும்போது மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்த சரிவான முகப்புடைய வாகனங்களைவிட ஏறத்தாழ 45 வீதம் அதிகம் எனக் கண்டது. நம் ஒழுங்கைகளில் நடைபாதை இல்லை. உயர்ந்த முகப்பின் முன்னே நிற்கும் சிறு பிள்ளையைச் சாரதி காணமாட்டார். நம் பிள்ளையின் பாதுகாப்பைத் தேடுவது கடமை. அதற்கான விலையை அயலவரின் பிள்ளை செலுத்துவது நீதியாகாது.

1964 டிசம்பரில், பம்பாயில் நடைபெற்ற அகில உலக நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தமக்குப் பரிசாகக் கிடைத்த லிங்கன் சொகுசுக் காரை அன்னை திரேசாவிடம் கையளித்துச் சென்றார். அன்னை அதனைச் சீட்டிழுப்பில் விட்டு, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்கான சாந்தி நகர்க் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். அந்தக் காரை அவர் வெறுக்கவில்லை. அதன் பெறுமதியை நன்கு அறிந்திருந்தார். ஒரு வாகனத்துக்குள் எத்தனை கூரைகள் அடங்கியுள்ளன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே அன்பர்களே, இத்தகைய எண்ணம் உங்கள் இல்லத்தில் எழுமாயின், கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமருங்கள். ஒரு தாளில் விலையையும், மாதாந்தச் செலவையும், கடனின் வட்டியையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் அப்பணம் செய்யக்கூடிய வேறு காரியங்களை எழுதுங்கள்: பிள்ளையின் உயர்கல்வி, பெற்றோரின் வைத்தியம், திருத்தப்படாத வீடு, அயலில் வாடும் ஒரு குடும்பம். 'ஊரார் என்ன நினைப்பார்கள்' என்பதை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். அதன் பின்னரும் வாங்குவதே சரியெனத் தோன்றினால் மனச்சமாதானத்தோடு வாங்குங்கள். வெள்ள நாளிலும், நோயுற்றவரின் அவசர இரவிலும் அதன் கதவு அயலவருக்குத் திறந்திருக்கட்டும்.