ஆட்டின் மேல் பழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்கி ரேஞ்ச் ஹில்ஸ் பக்கம் நடக்கப் போவேன். அங்கே ஒரு காம்பவுண்டு சுவரோரம் ஆடுகள் மேயும். ஓர் இலந்தைச் செடி, மூன்று வருடமாக முழங்கால் உயரம்தான். நுனியைக் கடிக்கக் கடிக்கப் பக்கக் கிளை விட்டு, பந்து மாதிரி ஆகிவிட்டது. பக்கத்திலேயே உண்ணிச்செடி ஆளுயரம் நிற்கிறது. (மராத்தியில் கணேரி, நாற்றத்தால் வந்த பெயர்.) அதை ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு.

"இந்த ஆடுங்களை ஒழிச்சாலே காடு வந்துடும் சார்" என்றார் கூட வந்த நண்பர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆரம்ப காலத்தில் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு ஆட்டுக்கடன் கொடுத்தவன் நான். ஐந்து ஆட்டை வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த அம்மாக்களைத் தெரியும்.

அதற்காக ஆடு சாது என்று சொல்ல மாட்டேன். சீமைக்கருவேல இலையைத் தொடாது, காயை மட்டும் தின்று புழுக்கையோடு ஊரெல்லாம் விதைத்துவிடும். மற்ற கன்றுகளைக் கடித்துவிடும். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவிலும் இதே கதைதான். மூஸ் என்ற பெரிய மான் பால்சம் ஃபர் கன்றைக் கடிக்கும், ஸ்புரூஸை விட்டுவிடும். கடிபடாத ஸ்புரூஸின் கை ஓங்குகிறது. வேலி போட்டு மூஸைத் தடுத்த இடத்தில் மற்றவை எழுந்தன.

அப்படியானால் வேலிதானே வழி என்பீர்கள். அங்கே சரி. பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982ல் எருமை மேய்ச்சலை நிறுத்தினார்கள். புல் மண்டித் தண்ணீரை அடைத்து, பறவைகளுக்கே இடைஞ்சலானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆராய்ந்துவிட்டு எருமை மேய்வது நல்லது என்றது!

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. தேனிப் பக்கம் மலைமாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்?

கடன் கொடுக்குமுன் நாங்கள் நேரில் போய் நிலத்தைப் பார்ப்போம். தடை போடுகிறவர்களும் பார்க்கட்டும். உண்ணி மண்டிய இடத்தில் ஆட்டை மட்டும் விரட்டினால் உண்ணியா போய்விடும்? முதலில் அதை வேரோடு பிடுங்க வேண்டும். கன்று எழும் வரை அந்தத் துண்டுக்கு மட்டும் ஓய்வு, மற்ற துண்டில் மேய்ச்சல், எத்தனை உருப்படி என்று ஒரு கணக்கு. இதை ஆட்டுக்காரரையே உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யலாம். எந்தச் செடியை எது தின்னும் என்பது அவருக்கு அத்துப்படி.

நண்பரிடம் இத்தனையும் சொன்னேன். "நீங்க பேங்க்ல லோன் கொடுத்த பாசத்துல பேசறீங்க" என்றார். அதுவும் கொஞ்சம் இருக்கிறதுதான் :-)