வழிநடை பாத்தியதை

என் நண்பர் ஒருவர் பிரான்ஸ் தேசத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். பார்க்கப் போனேன். காபி வந்தது, காபியின் பின்னாலேயே கைபேசியும் வந்தது. லுவார் நதிக்கரையோரமாகப் பத்து நாள் கால்நடையாகவே போனாராம். படத்துக்கு மேல் படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் வெறும் மரம். அடிமரத்தில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைக் கோடுகள்.

"இது என்ன ஐயா, அங்கேயும் மரத்துக்குத் திருநீறும் குங்குமமும் இட ஆரம்பித்துவிட்டார்களா?" என்றேன்.

"பாதைக் குறி ஸார்! இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்; யாரையும் வழி கேட்க வேண்டாம். தப்பான பக்கம் திரும்பினால் அங்கே பெருக்கல் குறி போட்டு எச்சரிப்பான். வயலோரமாகப் போகிறோம், தோப்புக்குள் போகிறோம், 'ஏன் வந்தாய்?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த நாட்டு இயற்கை அப்படி ஸார். நம் ஊரில் நடப்பதற்கு என்ன இருக்கிறது?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், நானும் இந்தக் கட்டுரையை எழுதாமல் இருந்திருப்பேன்.

அந்தக் கோடுகள் இயற்கை போட்ட கோடுகள் அல்ல. மனிதர்கள் கூடித் தீர்மானித்துப் போட்டவை. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, இடிபாடுகளை முழுதாக அள்ளிக்கூட முடிக்காத 1947-ஆம் வருஷத்தில், ஓர்லியான் நகரத்திலிருந்து போழான்ஸி வரைக்கும் அதே லுவார் நதிக்கரையில் முதல் நெடும்பாதையைத் திறந்தார்கள். இன்றைக்கும் அந்த நாடு முழுவதும் வர்ணச் சட்டியும் தூரிகையுமாகப் போய் அந்தக் கோடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

தொண்டு மட்டும் போதுமா? போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. 1983-இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஒவ்வொரு ஜில்லாவும் தன் நடைப்பாதைகளுக்கு ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். அட்டவணையில் ஏறிய கிராமப் பாதையை விற்க வேண்டுமானால், ஒன்று அந்த வழி தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாக நடக்கத் தகுந்த வேறு வழி காட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த விற்பனையே செல்லாது! எனக்குத் தெரிந்து, இதைவிட நேர்மையான வாக்கியம் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் அதிகம் இல்லை.

"அவர்களுக்கு இடம் இருக்கிறது, தொழிற்சாலை நெருக்கடி இல்லை" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அதே லுவார் நதிக்கரையில் நான்கு அணு மின் நிலையங்கள் நிற்கின்றன. அணு உலைக்கும் நடைப்பாதைக்கும் ஒரே நதிக்கரையில் இடம் இருக்கிறது. நம் ஊரில் நட்டும் போல்ட்டும் செய்கிற பட்டறைக்குப் பக்கத்தில் மனிதன் நடக்க மூன்றடி இல்லையாம்!

நண்பரிடம் இதையெல்லாம் வாதாடிவிட்டு வந்த பிறகு, வாயால் பேசியதைக் காலால் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் மறைமலை நகரில் இறங்கினேன். திருக்கச்சூருக்கு நடந்தே போவது என்று உத்தேசம்.

ஏன் திருக்கச்சூர் என்று கேட்கலாம். பசியோடு களைத்துப் படுத்திருந்த சுந்தரருக்காக, உச்சி வெயிலில் இறைவனே திருவோடு ஏந்தி வீடு வீடாக நடந்து சோறு வாங்கி வந்தான் என்று சொல்லப்படும் ஊர் அது. தெய்வம் கால் கடுக்க நடந்த ஊருக்கு மனிதன் நடந்து போக முடிகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

தார்ச் சாலையில் போனால் போய்விடலாம். லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் தேடியது அதையல்ல. பஸ் வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் ஜனங்கள் போய் வந்த தடத்தை. ஏரிக்கரை ஏறி, களத்துமேடு தாண்டி, கோயிலுக்கும் சந்தைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன வண்டிப்பாதையை.

கிடைத்தது. அரை மைல் தூரம் கிடைத்தது. இரண்டு பக்கமும் வேலிகாத்தான், நடுவில் பழைய வண்டிச் சோடு. பிறகு ஒரு சுவர். பத்தடி உயரம், மேலே முள்கம்பிச் சுருள். பாதை நேராகப் போய் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அது யாருடைய சுவர் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட சுவர் ஒன்று மட்டுமா நிற்கிறது?

காவல்காரர் நல்ல மனிதர். "இந்தப் பக்கம் வழி இல்லீங்க ஸார், சுத்திப் போங்க" என்றார்.

"எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்?"

"ரோட்டுக்குப் போயிடுங்க ஸார்" என்றார். அது தூரம் அல்ல, தீர்ப்பு.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "தோ, அந்த வேப்பமரம் தெரியுது பாருங்க, உள்ளே? அதும் கீழே தான் தடம் போவும். எங்க அம்மாவைப் பொண்ணு கேட்டு வண்டி கட்டிக்கினு வந்தது இந்த வழிதான். இப்போ என் ஆடே ரோட்டை சுத்திக்கினுதான் போவுது."

"யாரும் ஆட்சேபிக்கவில்லையா, பெரியவரே?"

"யாருகிட்டே போய்ச் சொல்றது சாமி? வழிக்கு யாரு சொந்தக்காரன்?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாமே சர்க்கார் சொத்து என்று பிரகடனம் செய்கிறது. வெள்ளைக்காரன் தன் வரும்படிக்காகச் செய்த சட்டம்தான். ஆனாலும் 'பாதை' என்ற வார்த்தையை அவன் விடவில்லை. அதற்கும் முன்னால், 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், அடுத்தவன் நிலத்தின் வழியே இருபது வருஷம் பகிரங்கமாக, உரிமையாக, தடையின்றிப் போய் வந்தவனுக்கு அந்த வழி பாத்தியமாகும் என்கிறது. நம் வீட்டுப் பழைய பெட்டியில் கிடக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: 'ஆள், வண்டி, மாடு, கன்று போக வர மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்று எங்கோ ஒரு வரி இருக்கும். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை இருக்கும். பதிவேட்டில் அதற்கு ஒரு சர்வே நம்பர்கூட இருக்கலாம்.

ஆகவே பாதை காகிதத்தில் இருக்கிறது, தரையில்தான் இல்லை. நம்மிடம் இல்லாதது சட்டம் அல்ல. 'இந்த வழி என்னுடையது, இதை அடைக்காதே' என்று சொல்லப் பொறுப்புள்ள ஓர் ஆள் இல்லை. ஏரியைத் தூர்த்தால் இன்றைக்கு நாலு பேராவது கோர்ட்டுக்குப் போகிறார்கள். பாதையைத் தூர்த்தால் அழுவதற்கு ஆள் கிடையாது.

"இந்தக் காலத்தில் யார் ஸார் நடக்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரின் கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். காலை ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஒரகடம் சாலையோரத்தில் வந்து நில்லுங்கள். கம்பெனி பஸ் ஏறுவதற்காகச் சாலையோரமாக நடந்து வரும் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் தருமபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். புல் சுமந்து வரும் பெண்களைப் பாருங்கள். நடப்பவர்கள் இல்லாமல் போகவில்லை. நடப்பவர்களுக்குப் பேச வாயில்லாமல் போயிற்று; அவ்வளவுதான்.

நான் தொழிற்சாலைக்கு விரோதி அல்ல. வானம் பார்த்த பூமியில் கூழ் குடித்தவன் பேரன் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறான் என்றால், அதைப் பழிப்பவன் பாவி. நான் கேட்பது ஒன்றுதான்: சுவர் எழுப்புகிறவன் சுவருக்கு வெளியே, தன் நிலத்தில் ஆறடி ஒதுக்கி, அடைத்த வழிக்கு மாற்று வழி கொடுக்கட்டுமே. நூறு ஏக்கர் வாங்குகிறவனுக்கு ஆறடி ஒரு பாரமா?

பழியை எல்லாம் கம்பெனிகள் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. பொதுத் தடத்தை வருஷத்துக்கு ஒரு சால் உழுது உழுது வரப்பாக்கியவன் நம் விவசாயிதான். அதைவிடப் பெரிய பாவமும் நம்முடையதே: 'நீ இந்தத் தெருவில் வராதே' என்று மனிதனைப் பார்த்துச் சொன்ன தேசம் இது. இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், தாழ்த்தப்பட்டவர்களும் பொதுச் சாலையில் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்பதற்கு 1924-இல் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே வருஷம் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக ஜனங்கள் சிறைக்குப் போனார்கள். நடப்பது உல்லாசம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும். நம் நாட்டில் அது போராடிப் பெற்ற உரிமை. அப்படிப் பெற்றதை ஒரு சுவருக்கு இலவசமாகக் கொடுப்பதா?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை விளக்குப் போட்டு, தண்ணீர் வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவர்கள்தாம் நாம். ஆக, நமக்குத் தெரியாத வித்தை அல்ல இது. சாமிக்காக நடந்தால் வழி உண்டு. சாமான்யன் தன் காரியத்துக்காக நடந்தால் வழி இல்லை என்பதுதான் கோளாறு.

என் கோரிக்கை சின்னது. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும், ஒவ்வொரு நகரசபையும், தன் வரைபடத்தில் உள்ள பாதைகளைப் பட்டியல் எடுத்து ஊர் நடுவில் எழுதி ஒட்டட்டும். அடைபட்டது எது, திறந்திருப்பது எது என்று ஜனங்களுக்குத் தெரியட்டும். மாற்று வழி இல்லாமல் ஒரு பாதையையும் மூடக் கூடாது, மூடினால் அந்த உத்தரவு செல்லாது என்று சட்டசபை ஒரு வரி எழுதட்டும்.

மறைமலை அடிகள் பெயரை ஒரு நகரத்துக்கு வைத்தோம், நல்லது. அந்த நகரத்திலிருந்து பக்கத்து ஊருக்கு ஒரு கிழவர் தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு நேர்வழியில் போகட்டும். அது முடிந்த பிறகு லுவார் நதியின் அழகைப் பற்றி நானும் என் நண்பரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.