செவிலியரின் மீள்திறன்

அகழ்ப்போரில் காயமுற்ற சஅது (ரலி) அவர்களை ருஃபைதா (ரலி) அம்மையார் பேணிய கூடாரம் மதீனாப் பள்ளிவாசலிலேயே இருந்தது. நோயாளரைப் பேணும் சுமையைச் சமுதாயம் தன் நடுவிலேயே வைத்துக்கொண்ட காட்சி அது.

புதுவையிலோ, 1823இல் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே ஜிப்மரின் வேர். அந்நகரத்தாராகிய நாம் செவிலியரை வெண்ணுடைத் தேவதை என்போம். தேவதைக்குக் கால் வலிக்காதன்றோ!

அவர்தம் மீள்திறனை இன்று ஆய்வாளர் பலர் அளக்கின்றனர். 2003இல் வெளிவந்த கானர்-டேவிட்சன் அளவுகோலில் 25 கூற்றுகள், 100 மதிப்பெண். நேற்றிரவு எத்தனை நோயாளரைத் தனியே பார்த்தீர் என்று அவற்றுள் ஒன்றேனும் கேட்பதில்லை. கற்பிக்கும் மருத்துவமனையின் பொதுப்பிரிவில் 3 நோயாளர்க்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. அந்நெறி தவறுமிடத்தில் மதிப்பெண் குறைந்தால் அது செவிலியரின் குறையன்று என்பதே எம் துணிபு. ஆய்வாளர் தம் வினாத்தாளின் ஒரு படியை நிர்வாகத்தார்க்கும் நீட்டுவாராக.